சித்தேரி, அஞ்செட்டி நாட்டு ரகங்களை ஆய்வுக்கு எடுப்பது: அனுமதி யாரிடம், உரிமை யாருக்கு?

அரூர் ஆய்வு

வணக்கம். கேழ்வரகு, சாமை, கொள்ளு மூன்றிலும் நாட்டு ரகங்களைத் திரட்டி ஒப்பிடுவது என் முனைவர் பட்ட வேலை. சேகரிக்கப்போகும் இடங்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், சித்தேரி மலை ஊர்கள், பென்னாகரம் மேட்டுக்காடு, அஞ்செட்டி, தளி. துறையில் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

மலை ஊரில் ஒரு படி விதை வாங்கும் முன் எழுத்தில் யார் அனுமதி வேண்டும்? வழிகாட்டிக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தோடு கூட்டு இருக்கிறது, டி.என்.ஏ. வரிசைப்படுத்தலை அங்கேயே செய்யலாம் என்கிறார். செய்யலாமா? ஓசூர்ப் பக்கம் ஒரு விதைக் கம்பெனி, 'நல்ல லைன் (புது ரகத்துக்குப் பெற்றோராகும் தேர்வு விதை) கிடைத்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்' என்கிறது. அதற்கு என்ன காகிதம்? கடைசியாக ஊரில் கட்டாயம் வரப்போகும் கேள்வி: 'எங்க விதைக்கு நீங்க பேர் போட்டுக்குவீங்களா?' இதற்கு நேர்மையான பதில் என்ன?

சட்டக்குறிப்பு தருமபுரி

நாலு கேள்வியும் ஒரே சட்டத்துக்குள் வராது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யார் எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார் என்று பார்ப்பது 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் (2023 திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது). அந்த விதையிலிருந்து வரும் ரகம் யாருடையது என்று பார்ப்பது 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம். காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடி, விதை, ரகம் எதற்கும் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆகவே 'சாமைக்கு பேட்டன்ட் வாங்கிவிடுவார்கள்' என்ற பயம் இந்தியாவுக்குள் தேவையில்லை. ரகப் பதிவு வேறு, காப்புரிமை வேறு.

முதல் கேள்விக்கு: நீங்கள் இந்தியர், பல்கலைக்கழகம் இந்தியாவுடையது, வேலை வெறும் ஆய்வு, விதை நாட்டை விட்டுப் போகாது. இந்த நாலும் பொருந்தினால் பல்லுயிர்ச் சட்டப்படி முன் அனுமதி தேவையில்லை. 7-வது பிரிவு, வணிகப் பயன்பாட்டுக்கு எடுக்கும் இந்தியரைத்தான் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குப் போகச் சொல்கிறது. ஆனாலும் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் பின்னால் ரகப் பதிவு விண்ணப்பத்தில் 'இந்த மரபுப்பொருள் முறைப்படி பெறப்பட்டது' என்று உறுதிமொழி தர வேண்டி வரும். அன்றைக்குக் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தக் கடிதம்தான்.

எடுக்கும் இடம் வயலா காடா என்பதையும் பாருங்கள். அஞ்செட்டிப் பக்கம் காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. தெற்கு 2022-ல் அறிவிக்கப்பட்டது. துவரையின் காட்டு உறவினம் ஒன்றைப் பார்த்தேன், நாலு காய் பறித்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஒரு காயைக்கூட எடுக்கக்கூடாது. வயல் விதைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நாத்தங்கால்

ஜெர்மனிக் கேள்விக்கு வருகிறேன். தம்பி, உங்க வழிகாட்டி மூணு பயிரையும் ஒரே கூடையில போடறார். சட்டம் அப்படிப் போடலை.

உணவு, வேளாண்மைக்கான தாவர மரபு வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2004 ஜூன் 29-ல் அமலுக்கு வந்தது. அதன் முதல் இணைப்பில் 35 உணவுப் பயிரும் 29 தீவனப் பயிரும், ஆக 64. கேழ்வரகு அந்தப் பட்டியலில் இருக்கு. சாமை இல்லை, கொள்ளு இல்லை. மாங்காயும் இல்லை, கிருஷ்ணகிரிக்காரங்க இதைக் குறிச்சு வெச்சுக்கணும். பட்டியல் பயிருக்கு நிலையான மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் ஒண்ணு உண்டு, எஸ்.எம்.டி.ஏ.ன்னு சொல்றோமே அது. அதை வெச்சுப் பிற நாட்டு ஆராய்ச்சிக்கு விதை போகலாம். ஆராய்ச்சி, பயிர்ப்பெருக்கம் (புது ரகம் உருவாக்கறது), பயிற்சி இந்த மூணுக்கு மட்டும். மருந்து, ரசாயனம், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குப் போகாது. 2014 டிசம்பர்ல மத்திய அரசு இந்தப் பட்டியல் பயிர்களுக்குப் பல்லுயிர்ச் சட்டத்தோட 3, 4 பிரிவுகளிலிருந்து (வெளிநாட்டவர் எடுக்கறதுக்கும், ஆய்வு முடிவை அவங்களுக்குக் கைமாத்தறதுக்கும் அனுமதி கேக்கற பிரிவுகள்) விலக்குக்கு வழி செஞ்சுது.

இங்கதான் பலர் சறுக்கறது: கேழ்வரகு பட்டியல்ல இருக்குன்னு அஞ்செட்டி வயல்ல இருக்கற கேழ்வரகும் தானா அந்த ஏற்பாட்டுக்குள்ள வந்துடாது. அரசின் நிர்வாகத்தில், பொதுவெளியில் (யாரோட தனி உரிமையிலும் இல்லாம) இருக்கற மாதிரிகள்தான் வரும். அதாவது டெல்லி பூசாவுல என்.பி.பி.ஜி.ஆர். (தேசியத் தாவர மரபுவளப் பணியகம்) மரபணு வங்கி மாதிரி இடத்துல ஏறினதுதான். உழவர் குதிர்ல இருக்கற விதை உழவருடையது.

சட்டக்குறிப்பு தருமபுரி

நாத்தங்கால் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜெர்மனிப் பல்கலைக்கழகம் பல்லுயிர்ச் சட்டத்தின் 3(2) பிரிவு ஆள், அதாவது வெளிநாட்டு நிறுவனம். சாமை, கொள்ளு இரண்டுக்கும் அவர்கள் சென்னையிலிருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். விலக்கு ஒன்று உண்டு: 5-வது பிரிவுப்படி, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டு அனுமதி பெற்ற கூட்டு ஆராய்ச்சித் திட்டம். இரண்டு பேராசிரியர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டதைக் கூட்டு ஆராய்ச்சி என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. புரிந்துணர்வு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள்.

டி.என்.ஏ. மட்டும்தானே போகிறது, விதை போகலையே என்பது அடுத்த வாதம். உயிரியல் வளம் என்ற விளக்கத்தில் மரபுப்பொருளும் சேர்த்தி. குழாயில் போனாலும் அது ஏற்றுமதிதான். இந்திய ஆய்வாளரே வணிகமல்லாத ஆய்வுக்கு வெளியே அனுப்பினாலும் ஆணையத்துக்கு விண்ணப்பம் உண்டு. வரிசைப்படுத்தலை ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ முடித்துவிட்டால் இந்தத் தலைவலியில் முக்கால்வாசி போய்விடும். வரிசைத் தரவைப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்பது தனிக் கேள்வி. 2025 ஏப்ரலில் வந்த பயன் பகிர்வு (வளத்தைப் பயன்படுத்தியவர் தரவேண்டிய பங்கு) ஒழுங்குமுறைகள் எண்மமாக்கப்பட்ட வரிசைத் தகவலையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. 'தரவுதானே' என்று இனி சொல்ல முடியாது.

ஆய்வுக்கட்டுரை வெளியிடலாம், கருத்தரங்கில் படிக்கலாம். 4-வது பிரிவு தடுப்பது, முடிவுகளை அனுமதியின்றி வெளிநாட்டவருக்குக் கைமாற்றுவதை.

ஓசூர் விதைத்தொழில்

கம்பெனி பக்கத்திலிருந்து பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். பல்லுயிர்ச் சட்டம் 2(எஃப்) பிரிவைப் படித்தவர்கள் குறைவு. வணிகப் பயன்பாடு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், வேளாண்மையில் வழக்கத்தில் உள்ள மரபுவழிப் பயிர்ப்பெருக்கம் அதில் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இந்தியக் கம்பெனி ஒன்று நாட்டுக் கேழ்வரகை எடுத்து, கலப்பினம் செய்து, தேர்வு செய்து ரகம் உருவாக்கினால் 7-வது பிரிவே எழாது. வாரியத்துக்கு எழுத வேண்டியதும் இல்லை, விற்பனையில் பங்கு தர வேண்டியதும் இல்லை. வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனி என்றால் கதை வேறு, அது 3(2)-க்குள் போய்விடும்.

மரபுவிதை தளி

இந்த ஓட்டையைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கோம். மலையில தலைமுறையா காப்பாத்தின விதையை ஒரு பையில எடுத்துட்டுப் போயிடலாம், பங்கும் கிடையாதாம்.

அதுவும் 'மரபுவழிப் பயிர்ப்பெருக்கம்'னா எது வரைக்கும்? மார்க்கர் (ஜீன் இருக்கற இடத்தைக் காட்டற டி.என்.ஏ. அடையாளம்) வெச்சு ஜீனைத் தேடிப் பிடிச்சு அதை மட்டும் ஏத்தறதும் மரபுவழியா? அதே 2(எஃப்) பிரிவுல, பயிரை மேம்படுத்த மரபுத் தலையீட்டுல பயன்படுத்தற ஜீன்களும் வணிகப் பயன்பாடுன்னு இருக்கே, அதை ஏன் விட்டுட்டீங்க?

ஓசூர் விதைத்தொழில்

விடவில்லை. ஜீன் மாற்றம் நிச்சயம் வணிகப் பயன்பாடு. மார்க்கர் உதவியுடன் செய்யும் தேர்வு எந்தப் பக்கம் என்பதில் வழக்கறிஞர்களே இரண்டாக நிற்கிறார்கள். கவனமான கம்பெனி அந்த இடத்தில் வாரியத்துக்கு எழுதிவிடும். எழுதுவதில் செலவு குறைவு, வழக்கில் செலவு அதிகம். 2023 திருத்தத்துக்குப் பிறகு சிறைத்தண்டனை போய் அபராதம் வந்திருக்கிறது, 1 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை. 5 கோடி ரூபாய் வரை ஆண்டு விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2025 ஒழுங்குமுறைப்படி பயன் பகிர்வுத் தொகையே கிடையாது. அதற்கு மேல் 0.2 சதவீதத்தில் ஆரம்பித்து, 250 கோடியைத் தாண்டினால் 0.6 சதவீதம். சாமை விதையில் இந்தத் தொகை என்ன வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாத்தங்கால்

ரெண்டு பேரும் தப்பான சட்டத்துல சண்டை போடறீங்க. பயிர்ப்பெருக்கத்துல பல்லுயிர்ச் சட்டம் கையை விட்டுடுது, சரி. ஆனா ரகப் பாதுகாப்புச் சட்டம் அங்கதான் பிடிக்குது.

கம்பெனி புது ரகத்தைப் பதிவு செய்யணும்னா 18-வது பிரிவுப்படி பெற்றோர் லைன்களோட பின்புலத் தகவல், எந்த ஊர்ல எடுத்தது, உழவரோ ஊரோ பழங்குடியோ பங்களிச்சிருந்தா அது என்ன, எல்லாம் விண்ணப்பத்துல எழுதணும். 40-வது பிரிவு, பழங்குடி அல்லது கிராமக் குடும்பங்கள் காப்பாத்தின மரபுப்பொருளைப் பயன்படுத்தியிருந்தா அதைத் தனியா சொல்லணும்னு கேக்குது. மறைச்சா விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். பதிவான பிறகு 26-வது பிரிவுப்படி ஊர்க்காரங்க பயன் பங்கு கேக்கலாம். 41-வது பிரிவுல இன்னும் எளிது: ஊருக்காக யாரும், ஒரு தொண்டு அமைப்புகூட, மனுப் போடலாம்.

ஆனா எல்லாத்துக்கும் அடிப்படை, அந்த விதை இந்த ஊர்லேர்ந்து போனதுன்னு காட்டற காகிதம். அரூர் தம்பி எழுதப்போற சேகரிப்புக் குறிப்புதான் அந்தக் காகிதம். அதைச் சரியா எழுதினா ஊருக்குப் பலம், அரைகுறையா எழுதினா யாருக்கும் உதவாது.

அரூர் ஆய்வு

அந்தக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை விதை எடுக்க வேண்டும்? அதையும் சொல்லிவிடுங்கள் சார்.

நாத்தங்கால்

குறிப்புல இருக்க வேண்டியது: சேகரிப்பு எண், தேதி, ஊர், குக்கிராமம், தாலுகா, அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், உழவர் பெயர், அவர் சொன்ன ரகப் பெயர் (அவர் வாயில வந்தபடியே, நீங்க திருத்தாம), எத்தனை வருஷமா விதைக்கறாங்க, விதை அவங்களுக்கு எங்கேர்ந்து வந்தது, எந்தப் பட்டம், தனிப்பயிரா கலப்புப்பயிரா. கடைசி ரெண்டை நிறையப் பேர் விட்டுடறாங்க. நம்ம மானாவாரிக் கேழ்வரகுல மொச்சை ஊடுபயிரா வரும், அந்தச் சூழ்நிலையில தேறின ரகம் தனிப்பயிர்ல வேற மாதிரி நடந்துக்கும்.

விதை எங்க எடுத்தீங்கன்னும் எழுதணும்: வயலா, களமா, குதிரா, சந்தையா. சந்தை விதைக்கு ஊர் சொல்ல முடியாது. பென்னாகரம் சந்தையில வாங்கிட்டு 'பென்னாகரம் நாட்டு ரகம்'னு போட்டா அந்த மாதிரி செத்த மாதிரி. எல்லைப்பக்கம் இன்னும் மோசம். தளியில வர்ற கேழ்வரகுல பாதி பெங்களூர் பல்கலைக்கழக ஜி.பி.யூ. 28 வழியா வந்ததா இருக்கலாம். உழவர் பத்து வருஷம் விதைச்சா அவருக்கு அது நாட்டு ரகம்தான், ஆனா உங்க முடிவுல நாட்டு ரகமா வந்துடக்கூடாது.

வயல்ல எடுக்கும்போது நல்ல கதிரா பார்த்துப் பொறுக்காதீங்க. குறுக்கும் நெடுக்குமா நடந்து 50லேர்ந்து 100 செடி வரை, செடிக்கு ஒரு கதிர். கேழ்வரகும் சாமையும் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான், அதனால கதிர் கதிரா தனி உறையில வெச்சா பின்னால கதிருக்கு ஒரு வரிசை போட்டு உள்ளே எத்தனை வகை கலந்திருக்குன்னு பார்க்கலாம். நிழல்ல உலர்த்துங்க. துணிப்பை அல்லது காகித உறை, பிளாஸ்டிக் பையில ஈர விதையைக் கட்டினா ரெண்டு நாள்ல பூசணம்.

அளவு: மரபணு வங்கிக்குத் தன் மகரந்தப் பயிர்ல குறைஞ்சது 2,000 விதை, முளைப்பு 85 சதவீதம். கேழ்வரகுல 2,000 விதைன்னா 5, 6 கிராம்தான். ஆனா முளைப்புச் சோதனை, உங்க வேலை, நகல் எல்லாம் சேர்த்து 100 கிராமாவது எடுங்க. அதுல ஒரு பங்கை என்.பி.பி.ஜி.ஆர்.ல கொடுத்து ஐ.சி. எண் (அந்த வங்கியோட உள்நாட்டுச் சேகரிப்பு எண்) வாங்கிடுங்க. ஆய்வுக்கட்டுரையில அந்த எண்ணை எழுதினா எவன் எடுத்தாலும் சுவடு இருக்கும். நம்ம பக்கத்துக்கு அவங்களோட திருச்சூர் நிலையம் உண்டு.

மேட்டுக்காடு உழவர் குழு

எங்க குழு பேர்ல ஒரு சாமை ரகத்தைப் பதிவு பண்ணலாமான்னு ரொம்ப நாளா பேச்சு ஓடுது. யார் பேர்ல பண்றது, எவ்வளவு செலவு, பண்ணா என்ன லாபம்? யாராவது நேரா சொல்லுங்க.

ஓய்வுபெற்ற விதைச்சான்று

செலவு பற்றி முதலில். 44-வது பிரிவுப்படி உழவர், உழவர் குழு, கிராமச் சமூகம் யாரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. யாராவது 'பதிவு செய்து தருகிறேன், இவ்வளவு ஆகும்' என்று வந்தால் கதவைச் சாத்துங்கள்.

அந்தப் பயிர் இனம் மத்திய அரசு அறிவித்த பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அறிவிக்கப்படாத இனத்தில் பதிவே இல்லை. அடுத்து விண்ணப்பத்தில் ஒப்பம். உழவர் ரகத்துக்குப் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண் அலுவலர், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர், மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலர் இவர்களில் ஒருவர் ஒப்பமிட வேண்டும். உங்களுக்கு எளிது முதலாவதுதான். உங்கள் ஊராட்சியில் அந்த மேலாண்மைக் குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் இரண்டாவது.

உழவர் ரகத்துக்குப் புதுமை கேட்கமாட்டார்கள். தனித்தன்மை (மற்ற ரகத்திலிருந்து வேறுபடுவது), ஒருமைத்தன்மை (செடிகள் ஒரே சீராக இருப்பது), நிலைத்தன்மை (தலைமுறைதோறும் மாறாமல் இருப்பது) மூன்றும் கேட்பார்கள். வேளாண் கம்பெனியின் புது ரகம் என்றால் இரண்டு பருவம் சோதனை, உழவர் ரகத்துக்கு ஒரு பருவம், இரண்டு இடம். கலப்புச் செடி எண்ணிக்கையில் புது ரகத்துக்கு உள்ள அளவைப் போல இரு மடங்கு வரை விடுவார்கள். விதையும் பாதி அளவு கொடுத்தால் போதும்.

பெயர் வைப்பதில் பலர் தவறுகிறார்கள். 15(4) பிரிவுப்படி வெறும் எண் கூடாது, ஊர்ப்பெயர் வந்தால் பதிவாளர் மறுக்கலாம், நேர்மையான பயன்பாடு என்று அவருக்குத் தோன்றினால் மட்டுமே விடுவார். 'சித்தேரிச் சாமை' என்று ஆசையாக வைத்துத் திருப்பி அனுப்பப்படுவதை விட, ஊரில் வழங்கும் ரகப் பெயரையே முதலில் கொடுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ரகப் பாதுகாப்பு ஆணையத்தின் இதழில் விளம்பரம் வரும், 3 மாதம் வரை யாரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். பதிவானால் பயிருக்கு 15 வருடம். முதலில் 6, பிறகு புதுப்பிப்பு. மா, புளி போன்ற மரங்களுக்கு 18, முதலில் 9.

மரபுவிதை தளி

ஐயா சொன்ன ஒருமைத்தன்மைதான் எனக்கு இடிக்குது. மலைச்சாமை ஒரே சீரா இருக்காது. முன்னாடி வர்றது, பின்னாடி வர்றது, உயரம் குட்டை எல்லாம் ஒரே வயல்ல இருக்கும். மழை தப்பினாலும் ஏதோ ஒண்ணு தேறும், அதுக்காகத்தான் அப்படி வெச்சிருக்காங்க. பதிவுக்காகக் கலப்பைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரே அச்சாக்கினா, பதிவானது வேற, ஊர்ல இருந்தது வேற. இதுக்குப் பேசாம மக்கள் பல்லுயிர் பதிவேட்டுல (ஊரோட உயிர்வளங்களை எழுதி வைக்கற ஏடு) எழுதிட்டு, விதைத் திருவிழாவுல பரிமாறிக்கிட்டுப் போகலாம்.

நாத்தங்கால்

உண்மைதான், மறுக்கலை. ஆனா பதிவேடு மட்டும் போதும்ங்கறதும் சரியில்லை. பதிவேடு சான்று, உரிமை இல்லை. பதிவான உழவர் ரகத்துலேர்ந்து அடிப்படையில் பெறப்பட்ட ரகம் (மூல ரகத்தோட முக்கியக் குணமெல்லாம் அப்படியே இருந்து, சின்ன மாற்றத்தோட வர்றது) ஒண்ணை யாராவது எடுக்கப் பார்த்தா, 43-வது பிரிவுப்படி அதைக் காப்பாத்தின உழவர்களோட சம்மதம் இல்லாம அங்கீகாரம் கொடுக்க முடியாது. உங்க சாமையில ஒத்தைக் கதிர் தேர்வு பண்ணி 'புது ரகம்'னு வர்றவன்கிட்ட இந்தப் பிரிவை நீட்டலாம்.

இதுக்கும் எல்லை உண்டு. 30-வது பிரிவு ஆராய்ச்சியாளர் உரிமை: பதிவான ரகத்தை யாரும் ஆய்வுக்கு, புது ரகத்துக்கு மூலமா எடுக்கலாம், கேக்க வேண்டாம். அதே ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெற்றோரா வெச்சு வணிக விதை உண்டாக்கினாத்தான் அனுமதி. கலப்பினம் செஞ்சு நாலு தலைமுறை தள்ளிப் போன ரகத்துல 43 பிடிக்காது, 26-வது பிரிவுப் பயன் பங்குதான் மிச்சம். அந்தத் தொகையும் ரகச் சட்டப்படி இருக்கற தேசிய ஜீன் நிதிக்குப் போய்த்தான் வரும்.

சட்டக்குறிப்பு தருமபுரி

என் கருத்து நாத்தங்கால் பக்கம், ஒரு காரணத்துக்காக. 28-வது பிரிவில், ஏற்கெனவே உள்ள ரகம் ஒன்றில் யாரும் தங்கள் உரிமையை நிலைநாட்டாவிட்டால் அரசே உரிமையாளராகக் கருதப்படும் என்று இருக்கிறது. சும்மா இருப்பது நடுநிலை இல்லை.

யார் பெயரில் என்ற கேள்விக்கு: தனி ஆள் பெயரில் போடாதீர்கள். ஒருவர் பெயரில் பதிவாகி, பக்கத்து ஊர்க்காரர் எதிர்ப்புத் தெரிவித்தால் ஊருக்குள் பகை மிஞ்சும். சித்தேரியில் மலையாளி பழங்குடி ஊர்கள் என்றால் கிராமச் சமூகத்தின் பெயரே பொருத்தம். வன உரிமைச் சட்டம் 2006-ன் 3(1)(கே) பிரிவு பல்லுயிர் சார்ந்த அறிவுச் சொத்தில் சமூக உரிமையைச் சொல்வதால் கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்துவிடுங்கள். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி பெயரில் என்றால் அந்தக் கம்பெனி மூடப்பட்டால் உரிமை எங்கே போகும் என்று தீர்மானத்தில் முன்கூட்டியே எழுதுங்கள்.

மேட்டுக்காடு உழவர் குழு

விதையை பாக்கெட் போட்டு விக்கலாமா? பெப்சி கம்பெனி குஜராத்துல உழவர் மேல கேஸ் போட்ட மாதிரி எங்க மேல யாராவது போட்டா?

சட்டக்குறிப்பு தருமபுரி

பெப்சி வழக்கு எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்துக்கானது. 2019-ல் போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் மே மாதம் திரும்பப் பெற்றார்கள். 2021 டிசம்பரில் ரகப் பாதுகாப்பு ஆணையம் அந்த ரகப் பதிவையே நீக்கியது. டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2023-ல் அதை உறுதி செய்தார், 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 'உழவர்கள் வென்றார்கள், பதிவு போய்விட்டது' என்று இன்னும் சுற்றும் பதிவுகளில் பாதிக் கதைதான் இருக்கிறது.

அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் 39(1)(iv) பிரிவு மாறவில்லை. பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் உழவர் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். செய்யக்கூடாதது, பாதுகாக்கப்பட்ட ரகம் என்று குறிக்கும் லேபிளோடு பொதியிட்டு விற்பது. உங்கள் சொந்த நாட்டு ரகத்துக்கு அந்தத் தடையும் இல்லை.

ஓய்வுபெற்ற விதைச்சான்று

ஒரு திருத்தம் சேர்த்துப் படியுங்கள். ரகச் சட்டம் தடுக்காவிட்டாலும் விதை வியாபாரமாகச் செய்தால் 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பனை உரிமம் வேண்டும். உழவர் தன் வீட்டில், தன் களத்தில் இன்னொரு உழவருக்கு விதைக்கக் கொடுப்பது விதைச் சட்டம் 1966-ன் 24-வது பிரிவில் விலக்கு. குழு அலுவலகத்தில் அலமாரி வைத்து விற்றால் அது கடை. உரிமம் எடுத்துவிடுங்கள்.

ஓசூர் விதைத்தொழில்

கம்பெனிக்கு விதை கொடுக்கும் ஒப்பந்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். ஆய்வாளர் கம்பெனிக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடாது. ஊர் ஆய்வுக்கென்று கொடுத்ததை வணிகத்துக்குத் தள்ளிவிட்டால் முதல் ஒப்புதலே உடைந்துவிடும். பல்கலைக்கழகம் வழியாக, மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: எந்தச் சேகரிப்பு எண், எத்தனை கிராம், எதற்கு, எத்தனை வருடம், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கத் தடை, மிச்ச விதை என்ன ஆகும், ரகம் வந்தால் விண்ணப்பத்தில் ஊர்ப்பெயர் எழுதுவது, நோக்கம் மாறினால் ஊரிடம் மறுபடி கேட்பது. கையெழுத்துப் போட பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர்தான், வழிகாட்டி போட்டால் செல்லாது. பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவு முதலில் தேடும் ஓட்டை அதுதான்.

அரூர் ஆய்வு

எல்லோருக்கும் நன்றி. ஊரில் படித்துக் காட்டும் ஒப்புதல் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

'இந்த விதை ஆராய்ச்சிக்கு மட்டும். ஒரு பங்கு டெல்லி மரபணு வங்கியில் உங்கள் ஊர்ப் பெயரோடு வைக்கப்படும். வெளிநாட்டுக்குப் போகாது. கம்பெனிக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்களிடம் வந்து கேட்போம். ஆய்வில் தெரிந்ததைத் தமிழில் எழுதி ஊராட்சியில் கொடுப்போம். இந்த விதைக்கு எங்கள் பெயர் போடமாட்டோம்.'

சட்டக்குறிப்பு தருமபுரி

'வெளிநாட்டுக்குப் போகாது' என்ற வரியை நீங்கள் உறுதி தர முடியாது. மரபணு வங்கியில் ஏறிய கேழ்வரகை எஸ்.எம்.டி.ஏ. போட்டு யாரும் கேட்கலாம், கொடுப்பது உங்கள் கையில் இல்லை. 'நாங்கள் அனுப்பமாட்டோம், மரபணு வங்கி சட்டப்படி பிறருக்குக் கொடுக்கலாம்' என்று மாற்றுங்கள். அதைக் கேட்டு யாராவது விதை தர மறுத்தால் அது அவர்கள் உரிமை.

கடைசி வரியும் அப்படியே. 'இந்த நாட்டு ரகத்தை எங்கள் பெயரில் பதிவு செய்யமாட்டோம், இதிலிருந்து புது ரகம் உருவானால் மூலம் இந்த ஊர் என்று விண்ணப்பத்தில் எழுதுவோம்' என்று இருக்கட்டும். ஊர்க்காரர் கேட்ட கேள்விக்குச் சட்டப்படி நீங்கள் தரக்கூடிய முழுப் பதிலும் அதுதான். மருந்துப் பயன்பாடு பற்றி ஊரில் ஏதாவது சொன்னால் அதை விதைக் குறிப்பில் சேர்க்காமல் தனித்தாளில் எழுதி வையுங்கள். கட்டுரையின் இணைப்பில் அது அச்சேறிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

ஓய்வுபெற்ற விதைச்சான்று

கையெழுத்து இல்லாதவருக்குக் கைநாட்டு, பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் சாட்சி. இரண்டு நகல், ஒன்று அவர்களிடம். சேகரிப்பு எண்ணை இரண்டு நகலிலும் அங்கேயே எழுதுங்கள், ஊர் திரும்பி வந்து எழுதலாம் என்று விடாதீர்கள்.

அரூர் ஆய்வு

மாற்றிவிட்டேன் ஐயா. ஒரு சின்னச் சந்தேகம்: கொள்ளுக்கும் 100 கிராம் போதுமா?

நாத்தங்கால்

போதாது. கொள்ளு ஆயிரம் விதையே 30 கிராம் பக்கம் வரும், 2,000 விதைக்கே 60 ஆச்சு. அரைக் கிலோவா எடுங்க. வண்டு அடிச்ச விதையை ஊர்லயே புடைச்சுப் பொறுக்கிடுங்க. உள்ள முட்டையோட கொண்டு வந்தா ஒரு மாசத்துல மாவுதான் மிஞ்சும். விலை கொடுத்து வாங்குங்க, ஓசியில வேண்டாம். ரசீதுல 'ஆய்வு மாதிரி'ன்னு எழுதி வாங்கிக்குங்க.